‘அவை காசு குடுத்திருக்கினம், ஊத்து’ என்றால் என்ன செய்வது?

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு கல்லூரியில் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 23. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. வார இறுதியில் ஒரு விருந்து மண்டபத்தில் வேலை. முதலில் சாப்பாடு பரிமாறினார், இந்த வருடம் பாரில் நிற்க விட்டிருக்கிறார்கள். நீளமான கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அன்று ஒரு கல்யாண வரவேற்பு. ஆளுக்கு இவ்வளவு என்று பேசி, குடிவகை முழுவதும் வீட்டுக்காரர் கணக்கில். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையான ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், எட்டு மணியிலிருந்து விஸ்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு கிளாஸ் வரை வாசகி எண்ணியிருக்கிறார். ஏழாவதுக்கு வந்தபோது நாக்குக் குழறியது, பார் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். “இனிக் காணும் மாமா” என்று இவர் சொல்ல, “உன்ர அப்பன்ர காசிலயோ குடிக்கிறன்?” என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். மண்டப முதலாளி ஓடி வந்து, எல்லோருக்கும் முன்னால் “அவை காசு குடுத்திருக்கினம், ஊத்து” என்றார். இவர் ஊற்றவில்லை. பக்கத்தில் நின்ற பையன் ஊற்றிக் கொடுத்தான். அப்புறம் யாரோ கோப்பி கொடுத்தார்கள், தேசிக்காய்த் தண்ணி கொடுத்தார்கள். இரவு பன்னிரண்டரைக்கு அவர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியோடு வெளியே போவதை இவர் பார்த்தார். மூன்று நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டார், கார் சந்தியில் விளக்குக் கம்பத்தோடு மோதிவிட்டது என்று. அவருக்குச் சிறு காயம். மனைவிக்குத் தோள் எலும்பு முறிவு.

அதற்குப் பிறகு முதலாளி இவரைக் கூப்பிட்டு, பொலிஸோ காப்புறுதிக்காரரோ கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். ‘உன்னால பில்லைக் குறைக்க வேண்டி வந்தது’ என்று அன்றைய டிப்ஸைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஷிஃப்டையும் வெட்டிவிட்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு ஒப்புதல்: பாரில் நிற்கத் தேவையான ஸ்மார்ட் சேர்வ் பயிற்சியை இவருடைய பெயரில் அறைத்தோழிதான் கணினியில் முடித்துக் கொடுத்திருக்கிறார்.

இனிக் கேள்விகள், அவருடைய சொல்லிலேயே: “நான் குடுக்காமல் விட்டது பிழையோ? நான் குடுக்கேல்லை, அப்ப எனக்கு இதில பொறுப்பு இல்லைத்தானே? என்ர விசாவுக்கு ஏதும் வருமோ? அடுத்த முறை ஒரு மாமாவுக்கு எப்பிடி இல்லையெண்டு சொல்றது? அந்த அன்ரியைப் போய்ப் பார்க்கலாமோ?”

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். பிழையில்லை. அந்த மண்டபத்தில் அந்த நேரத்தில் சட்டப்படி நடந்துகொண்ட ஒரே ஆள் நீங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் அவ்வளவு இலேசாக இல்லை. அதில் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உங்களுக்கு மட்டுமில்லை, பதினைந்து வருடம் பாரில் நின்றவர்களிடமும் அதைக் கேட்டிருக்கிறேன்.

காசு கட்டினால் ஊற்றத்தான் வேண்டுமா?

ஒன்ராறியோவில் 2021 நவம்பர் 29 முதல் நடைமுறையில் இருக்கும் மது உரிம, கட்டுப்பாட்டுச் சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. வெறியில் இருப்பவருக்கும், வெறியில் இருப்பதுபோல் தோன்றுபவருக்கும் மது கொடுக்கக் கூடாது. ‘தோன்றுபவர்’ என்ற அந்தச் சொல்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. நீங்கள் டொக்டர் இல்லை, கையில் ஊதிப் பார்க்கும் கருவியும் இல்லை. நாக்குக் குழறுவதையும் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் கண்ணால் பார்த்தீர்கள். அது போதும்.

வீட்டுக்காரரும் மண்டபமும் பேசிக்கொண்ட விலை அவர்கள் இரண்டு பேருக்கும் இடையிலான ஒப்பந்தம். சட்டம் தடுத்த ஒன்றை ஒப்பந்தம் அனுமதிக்க முடியாது. 300 பேருக்குக் காசு கட்டியிருந்தாலும், வெறியில் நிற்கும் ஒருவருக்கு இன்னொரு கிளாஸ் என்பது அந்தக் காசுக்குள் அடங்காது. ‘முதலாளி சொன்னார், செய்தேன்’ என்பதும் தப்பிக்கும் வழியில்லை. இந்தத் தடை உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல, கொடுக்கிற கைக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பக்கத்தில் நின்று ஊற்றிக் கொடுத்த தம்பிக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். அவன் உங்களைவிடச் சின்னவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வருகிறது.

‘நான் கொடுக்கவில்லை, அப்ப பொறுப்பு இல்லை’

ஊற்றாமல் விட்டதோடு கடமை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். கனடாவின் உச்ச நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. இரண்டு வழக்குகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தத் தொழிலில் நிற்கிறவர்கள் கதையாகவாவது தெரிந்து வைத்திருக்க வேண்டியவை.

முதலாவது நடந்தது நயாகராப் பக்கம், ஜோர்டன் என்ற ஊரில், 1968 ஜனவரியில். அங்கே ஜோர்டன் ஹவுஸ் என்ற ஹோட்டலுக்கு மெனோ என்பவர் வழக்கமாகக் குடிக்க வருவார். குடித்தால் நிதானம் இழப்பவர் என்று எல்லோருக்கும் தெரியும். பொறுப்பான ஒருவர் கூட வந்தால் தவிர அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்கள். அன்று கொடுத்தார்கள். வெறி ஏறி மற்ற மேசைகளுக்குப் போய்த் தொந்தரவு செய்தபோது வெளியே போகச் சொன்னார்கள். குளிர்கால இரவு, வெளியே நெடுஞ்சாலை. நடந்து போனவரைக் கார் அடித்தது. ஹோட்டலின் வாதமும் உங்கள் வாதமும் ஒன்றுதான்: நாங்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டோம், வெளியே அனுப்பிவிட்டோம், அதற்குப் பிறகு நடந்தது எங்கள் பாடில்லை. 1973 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஹோட்டல், கார் ஓட்டியவர், மெனோ மூவரும் மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. அந்த நிலையில் இருந்தவரைப் பாதுகாப்பாக வீடு சேர்க்க ஹோட்டல் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஒரு போன் போட்டிருக்கலாம், யாரையாவது கூட அனுப்பியிருக்கலாம்.

இரண்டாவது எட்மன்டனில், 1985 டிசம்பரில். நாடகம் பார்த்துக்கொண்டே சாப்பிடும் ஓர் இடத்துக்கு இரண்டு தம்பதிகள் போனார்கள். ஆண்கள் குடித்தார்கள், பெண்கள் இருவரும் குடிக்கவில்லை. ஒருவர் இரட்டை அளவு ரம் ஐந்து, ஏழு என்று எடுத்தார். பிறகு அவரே காரை எடுத்தார். வழியில் விபத்து, பின்னால் இருந்த அவருடைய சகோதரி கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். 1995 இல் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மது விற்கும் இடத்துக்கு வீதியில் போகிறவர்கள் மீதும் கடமை உண்டு என்று சொன்னது. ஆனால் அந்த இடம் அந்தக் கடமையை மீறவில்லை என்றும் சொன்னது. ஏனென்றால் குடிக்காத இரண்டு பெரியவர்கள் அதே மேசையில் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் ஓட்டுவார் என்று நினைத்ததில் நியாயம் இருந்தது.

இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முதலாளியின் வக்கீல் வரக்கூடும். ‘மனைவி கூட இருந்தாரே, அவர் ஓட்டுவார் என்று நினைத்தோம்’ என்பார். அதனால்தான் நீங்கள் எழுதிய ஒரு சின்ன விவரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது: சாவி அவர் கையில் இருந்தது. அதைக் கண்ட பிறகு ‘மனைவி ஓட்டுவார் என்று நினைத்தேன்’ என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அதே தீர்ப்பில் இன்னொரு கருத்தும் உண்டு. யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாதபடி ஏற்பாட்டை அமைத்துவிட்டு, பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பொறுப்பிலிருந்து கழன்றுவிட முடியாது. நம்முடைய மண்டபங்களில் மேசைக்கு ஒரு போத்தல் வைத்துவிடுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். யார் ஊற்றியது, யார் குடித்தது, எத்தனை, எதற்கும் கணக்கில்லை.

சரி, உங்கள் தனிப்பட்ட நிலை என்ன? ஊழியர் வேலையில் செய்த கவனக்குறைவுக்கு நட்டஈடு கொடுக்கும் சுமை வழக்கமாக முதலாளியின் மேலும் அவருடைய காப்புறுதியின் மேலும்தான் விழும். மறுத்தவர் என்ற வகையில் நீங்கள் மற்றவர்களைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாவியைக் கண்ட அந்த நொடியில் உங்களால் செய்யக்கூடியவை இருந்தன. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மாப்பிள்ளை வீட்டு இளைஞர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம், ஒன்றும் சரிவராவிட்டால் 911ஐ அழைத்திருக்கலாம். வெறியில் ஒருவர் கார் எடுக்கிறார் என்று சொல்வதற்கு அந்த எண்ணை அழைப்பது தவறே இல்லை. உங்களைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. முதலாளி சத்தம் போட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்து, கை நடுங்கிக்கொண்டு நிற்கிற ஒரு பிள்ளைக்கு அது அந்த நேரத்தில் தோன்றாது. பயிற்சி என்ற ஒன்று இருப்பதே அதற்காகத்தான். அதை நீங்கள் செய்யவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கோப்பியும் தேசிக்காயும்

‘கோப்பி குடிச்ச பிறகு தெளிஞ்ச மாதிரித்தான் இருந்தவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பி தூக்கத்தைக் கலைக்கும், வெறியைக் குறைக்காது. வாந்தியும் குளிர்காற்றும் தலையில் தண்ணீர் ஊற்றுவதும் அப்படியே. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், ஏறத்தாழ மணிக்கு ஒரு அளவு. கனடாவில் ஒரு அளவு என்றால் 43 மில்லிலீட்டர் விஸ்கி, அல்லது 341 மில்லிலீட்டர் சாதாரண பியர், அல்லது 142 மில்லிலீட்டர் வைன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அளவுக் கிண்ணம் இல்லாமல் கையால் ஊற்றினால் ஒரு கிளாஸ் 60 மில்லி ஆவது சாதாரணம். அப்படி ஆறு கிளாஸ் என்றால் உண்மையில் எட்டு அளவுக்கு மேல். எட்டு மணிக்குத் தொடங்கியவருக்கு அது முழுதாக இறங்க விடிய நாலரை ஆகும். அந்த ஏழாவதையும் சேர்த்தால் ஐந்து மணியும் தாண்டும். பன்னிரண்டரைக்கு அவர் கதவைத் தாண்டியபோது கடைசிக் கிளாஸ் உடம்பில் இன்னும் ஏறிக்கொண்டிருந்திருக்கலாம். கோப்பி குடித்த வெறிகாரர் ஒருவிதத்தில் கூடுதல் ஆபத்து, தான் தெளிவாக இருப்பதாக அவரே நம்பிவிடுவார், பார்க்கிறவர்களும் நம்பிவிடுவார்கள்.

பொலிஸ், காப்புறுதி, விசா

‘ஒன்றும் தெரியாது என்று சொல்’ என்ற புத்திமதியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். நீங்களாகப் போய் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசரம் இல்லை. பொலிஸ் கேட்டால், ‘ஒரு வக்கீலிடம் கதைத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்’ என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காப்புறுதிக்காரருக்கும் அப்படியே சொல்லலாம். பொய் சொல்வது வேறு விஷயம். நடந்ததைக் கண்ட சாட்சி என்ற காரணத்தால் படிப்பு அனுமதிக்கு ஒன்றும் வராது. பொலிஸ் விசாரணையைப் பொய் சொல்லித் தடுத்தால் அது குற்றவியல் குற்றம், குற்றத் தீர்ப்பு ஒன்று வந்தால்தான் குடிவரவுப் பக்கம் பிரச்சினை தொடங்கும். ஆக, விசாவுக்கு ஆபத்து உண்மையைச் சொல்வதில் இல்லை, முதலாளி சொல்லித்தரும் பொய்யில்தான் இருக்கிறது. கூடவே ஒன்றைச் சரிபாருங்கள். படிப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணிநேரம்தான் வேலை செய்யலாம். அந்தக் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா?

ஸ்மார்ட் சேர்வ் விஷயம். இந்த மாகாணத்தில் உரிமம் பெற்ற இடத்தில் மது பரிமாறும் ஒவ்வொருவருக்கும் அது கட்டாயம். 80 விழுக்காடு எடுத்தால்தான் சித்தி. 2022 ஜூலை முதல் எடுக்கிற சான்றிதழ் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். தோழி எழுதிய சோதனையில் கிடைத்த சான்றிதழ் உங்களுடையதல்ல. விசாரணை என்று வந்து இது வெளிப்பட்டால் உங்கள் நல்ல சாட்சியத்தையும் அது கெடுத்துவிடும். வக்கீலைப் பார்க்கும்போது இதை முதலாவதாகச் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம். அடுத்த முறை பாரில் நிற்க முன்னர், நீங்களே இருந்து, நீங்களே படித்து, உங்கள் பெயரில் எடுங்கள். சில மணிநேர வேலை. வயது பார்க்கிற முறை, எந்த அடையாள அட்டை செல்லும், வெறி ஏறுவதன் அடையாளங்கள், மறுக்கிற விதம், மறுத்த பிறகு செய்ய வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. அன்று நீங்கள் உள்ளுணர்வால் செய்ததற்குக் காரணம் புரியும், செய்யாமல் விட்டதும் தெரியும்.

டிப்ஸும் ஷிஃப்டும்

டிப்ஸ் உங்கள் பணம். 2016 முதல் ஒன்ராறியோவின் வேலைநியமச் சட்டம் முதலாளி அதைப் பிடித்து வைப்பதைத் தடுக்கிறது. பில்லைக் குறைத்தது அவருடைய வியாபாரத் தீர்மானம், அதன் நட்டத்தை உங்கள் கையிலிருந்து எடுக்க முடியாது. தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்ய இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அதற்கு நீங்கள் குடியுரிமை பெற்றவராக இருக்கத் தேவையில்லை. டிப்ஸைக் கேட்டதற்காக உங்களை விலக்கினாலோ பழிவாங்கினாலோ அது தனியான ஒரு மீறல். எனவே கேட்பதை ஒரு குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள், வாயால் மட்டும் கேட்டால் நாளைக்கு எதுவும் மிஞ்சாது.

ஷிஃப்ட் வெட்டியது கொஞ்சம் சிக்கல். ‘வெறியில் இருந்தவருக்கு ஊற்ற மறுத்ததால் வெட்டினார்’ என்பது எவ்வளவு அநியாயமாக இருந்தாலும், வேலைநியமச் சட்டத்தில் அதற்கென்று நேரடியாக ஒரு வாசகம் இல்லை. வழி இல்லை என்று சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தவரை ஒரேயடியாக நிறுத்தினால் முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் கொடுக்க வேண்டும், சட்டத்தை மீற மறுத்ததற்காக விலக்கினால் நீதிமன்றத்தில் வாதிடவும் இடமுண்டு. ஆனால் இரண்டு ஷிஃப்டுக்காக அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன். அண்ணனாகச் சொன்னால், வேறு இடம் தேடத் தொடங்குங்கள். பாரில் நிற்கிற பிள்ளையின் பக்கம் முதலாளி நிற்காத இடத்தில் அடுத்த சனிக்கிழமையும் இதேதான் நடக்கும்.

ஒரு மாமாவுக்கு இல்லையென்று சொல்வது

கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த கேள்வி இதுதான். ஆங்கிலக்காரர் பாரில் ‘சேர், நான் உங்களுக்கு இனித் தர முடியாது’ என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம். நம்முடைய கல்யாண வீட்டில் நிற்கிறவர் அப்பாவின் வயதுக்காரர். பந்தியில் ‘காணும்’ என்றால்கூட இன்னொரு அகப்பை வைக்கிற சனம் நாங்கள். அந்தப் பழக்கத்திலிருந்து வந்த ஒரு 23 வயதுப் பிள்ளைக்கு மறுப்பது எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும்.

அதனால் மறுப்பை ஏழாவது கிளாஸுக்கு வைத்திருக்காதீர்கள். மூன்றாவதிலேயே வேலை தொடங்க வேண்டும், அப்போது அவர் இன்னும் சொல் கேட்கிற நிலையில் இருப்பார். குரல் கூடுவது, தெரியாதவர்களோடு தோளில் கை போடுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, கிளாஸை ஒரே மடக்கில் முடிப்பது, இவை முதல் அடையாளங்கள். அந்த நேரத்தில் அளவுக் கிண்ணத்தால் அளந்து ஊற்றுங்கள், ஐஸும் சோடாவும் கூட்டுங்கள், அடுத்ததைக் கொஞ்சம் சுணக்குங்கள். ‘மாமா, சுடச்சுட ரோல்ஸ் வந்திருக்கு, ஒண்டு கடிச்சுப்போட்டு வாங்கோ’ என்று சாப்பாட்டுப் பக்கம் திருப்புங்கள். வெறும் வயிற்றில் ஏறும் வேகம் சாப்பாட்டோடு ஏறாது. இதை நீங்கள் சொல்லும்போது அது உபசாரமாகத்தான் கேட்கும், அது உண்மையில் உபசாரமும்தான்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்று வந்தால் மற்றவர்கள் கேட்கச் சொல்லாதீர்கள். பாருக்கு வெளியே வந்து, பக்கத்தில் நின்று, தணிந்த குரலில். ‘நீங்கள் வெறியில இருக்கிறீங்கள்’ என்ற வார்த்தையே வேண்டாம், அதைக் கேட்டால் எந்த ஆளும் சண்டைக்குத்தான் வருவார். சட்டத்தின்மேல் போடுங்கள்: ‘மாமா, இதுக்கு மேல தந்தால் என்ர லைசன்ஸ் போயிடும். குறை நினையாதேங்கோ, தண்ணியும் சாப்பாடும் கொண்டு வாறன்.’ சொன்ன பிறகு பேரம் பேசாதீர்கள். ‘ஒரு சின்னன்’ என்று கெஞ்சினாலும், சிரித்துக்கொண்டே அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். உடனே பாரில் நிற்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஒருவர் மறுத்து இன்னொருவர் ஊற்றினால் மறுத்ததில் பயனில்லை, அன்று நடந்ததும் அதுதானே. பிறகு அந்த வீட்டு ஆட்களில் நிதானமாக இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். மச்சானோ மருமகனோ போய்ச் சொன்னால் எடுபடும், நாம் சொன்னால் எடுபடாது. சாவியைப் பறிக்கப் போகாதீர்கள், கைகலப்பாகும். ஊபர் கூப்பிடுங்கள், மறித்துக் கதையுங்கள், அதையும் மீறி ஏறினால் கார் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு 911.

முடிந்ததும் ஒரு கொப்பியில் நேரத்தோடு இரண்டு வரி எழுதுங்கள். நல்ல மண்டபங்களில் இதற்கென்றே ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும்.

வீட்டுக்காரர் வாசித்தால்

இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்களில் பலர் பாரில் நிற்கிறவர்கள் அல்ல, விருந்து வைக்கிறவர்கள். உங்களுக்கும் இரண்டு வார்த்தை. ‘பயிற்சி அவைக்குத்தானே, எங்களுக்கு என்ன’ என்று விட்டுவிடாதீர்கள். தனிப்பட்ட வீட்டு விருந்தில் குடித்துவிட்டுப் போன ஒருவர் விபத்துச் செய்தபோது, விருந்து வைத்தவர்களுக்குப் பொதுவாக மூன்றாம் ஆளின்மேல் அந்தக் கடமை இல்லை என்று 2006 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஒட்டாவாப் பக்கம் ஒரு புதுவருட விருந்துக்குப் பிறகு 1999 இல் நடந்த விபத்து அது. ஆனால் அது அவரவர் தங்கள் குடிவகையைக் கொண்டு வந்த வீட்டு விருந்து. மண்டபத்துக்கு நீங்களே விசேட அனுமதி எடுத்து மது வாங்கி வைத்தால், அந்த அனுமதியில் இருப்பது உங்கள் பெயர், பொறுப்பும் உங்களுடையது. உங்கள்மேலும் மண்டபத்தின்மேலும் சேர்த்துப் பிழை கண்டால், ஒன்ராறியோச் சட்டப்படி ஒரு சிறு வீதம் பிழை உள்ளவரிடமிருந்தும் முழுத் தொகையை வசூலிக்கலாம், மற்றவரிடம் காசு இல்லாவிட்டால் சுமை உங்கள் தலையில்.

கார் டிக்கியில் போத்தல் வைத்துக்கொண்டு தரிப்பிடத்தில் குடிப்பது நம்மிடையே பெரிய வழக்கம். பாரில் நிற்கிற பிள்ளை எவ்வளவு கவனமாக எண்ணினாலும் வெளியே குடித்ததை எப்படி எண்ணுவது? அதை நிறுத்த வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்லியும் கேட்கமாட்டார்கள். ‘மகன் ஓட்டுவான்’ என்கிறவர்கள் கவனிக்க: 21 வயதும் அதற்குக் கீழும் என்றால் எந்த லைசன்ஸ் ஆனாலும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான G1, G2 லைசன்ஸ் என்றால் எந்த வயதானாலும், உடம்பில் மது துளியும் இருக்கக் கூடாது. மற்றவர்களுக்குக் குற்றவியல் எல்லை 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஆனால் இங்கே 50ஐத் தொட்டாலே லைசன்ஸை அங்கேயே வாங்கிவிடுவார்கள், முதல் தடவை என்றாலும்.

என் தம்பியின் கல்யாணத்தில் நாங்கள் செய்தது ஒன்றைச் சொல்கிறேன். அழைப்பிதழ் கொடுக்கும்போதே குடிக்காத ஐந்து பேரைப் பேசி வைத்தோம், இரண்டு பேர் பெரிய வான் வைத்திருந்தார்கள். பாரைப் பதினொன்றுக்கு மூடினோம், சாப்பாடு பன்னிரண்டரை வரை ஓடியது. மேசையில் போத்தல் வைக்கவில்லை. நாலு பேர் முகம் சுளித்தார்கள். பெரியப்பா ஒருவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார். அவரை வீட்டில் கொண்டுபோய் இறக்கியதும் அந்த வானில்தான்.

இனிச் செய்ய வேண்டியது

தங்கச்சி, இன்று இரவே உட்கார்ந்து அன்று நடந்ததை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எத்தனையாவது கிளாஸ், யார் எங்கே நின்றார்கள், யார் கோப்பி கொடுத்தார்கள், சாவி யார் கையில். முதலாளி சொன்னதை நீங்கள் திருத்தாமல், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மேலே ‘வக்கீலுக்காக’ என்று போட்டுத் திகதி வையுங்கள். வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம், அந்த நாளின் குறுஞ்செய்திகள் எதையும் அழிக்கவும் வேண்டாம். காசு இல்லை என்று தயங்காதீர்கள், உங்கள் பகுதியின் சமூக சட்ட உதவி நிலையத்தைக் கேளுங்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலமும் ஒரு வக்கீலோடு அரை மணிநேரம் வரை இலவசமாகக் கதைக்கலாம். நான் இங்கே சொன்னது கடிதத்தில் உள்ளதை வைத்துத்தான். கோப்பைப் பார்த்துச் சொல்கிற ஒருவர் உங்களுக்கு வேண்டும்.

அந்த அன்ரியைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வக்கீலைப் பார்த்த பிறகு போங்கள், அதற்கு முன் வேண்டாம். போகும்போது அந்த இரவைப் பற்றி நீங்களாகக் கதை எடுக்காதீர்கள், அவர் எடுத்தாலும் ‘முதலில் சுகமாகுங்கோ’ என்று விட்டுவிடுங்கள். தோள் எலும்பு முறிந்தால் ஆறு, எட்டு வாரம் ஒரு கையால்தான் எல்லாம் செய்ய வேண்டும், சமைப்பது கஷ்டம். இரண்டு நாளைக்கு வைத்துச் சாப்பிடக்கூடியதாக ஏதாவது கொண்டு போங்கள்.